பூவாத்தாள் வீட்டு இலைப்போர்

செப்டம்பர் 5, வெள்ளி

இந்தப் பக்கங்களில் நான் எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. இதை வலது கையை நெஞ்சில் வைத்து, இடது கையால் எழுதி, சத்தியமாகச் சொல்கிறேன். எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுவே காரணம். மற்றபடி அர்த்தநாரியின் கை நடுங்கியதாக வரலாற்றில் இல்லை.

அர்த்தநாரி என்பவன் நான். பெருந்துறை வழித்தடத்தில் தனியார் பஸ் கண்டக்டராக ஒரு யுகம் ஆண்டவன். ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் நானூறு பேரை ஏற்றிக்கொண்டு, ‘உள்ள எடம் சும்மா கெடக்குது, போங்க போங்க’ என்று சொன்ன வாய் என்னுடையது. கல்யாணம் கட்டவில்லை. அக்கா மரகதத்துக்கு ஒரே மகள், யமுனா. அவளுக்கு ஒரே தாய்மாமன், நான். உலகில் இந்த இரண்டு உறவுக்குமேல் மனிதனுக்கு என்ன வேண்டும்?

யமுனாவுக்கு இது ஆறாம் மாதம். நேற்று சுகாதார நர்சு ரத்தம் பார்த்ததில் ஏழு புள்ளி நாலு என்று வந்திருக்கிறது. பதினொன்று இருக்க வேண்டுமாம். ஒன்பதாம் மாதத்துக்குள் ஒன்பதையாவது தாண்டாவிட்டால் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்ற வேண்டும். அப்படியும் பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போனால் உடம்பு தாங்காது என்று நர்சு சொல்லியிருக்கிறாள். அக்கா போனில் இதைச் சொல்லி அழுதாள். பனியன் கம்பெனியில் அவளுக்கு லீவு கிடையாது. ‘நீ போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வாடா’ என்றாள்.

போனேன். வெறுங்கையோடா? ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு போனேன். இரண்டு பஸ், ஒரு ஷேர் ஆட்டோ. மடியில் வைத்தால் வாடிவிடும் என்று காங்கயம் ரோடு முழுக்கத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரோ கட்சி ஊர்வலம் என்று நினைத்து இருபக்கமும் ஜனம் கும்பிட்டது.

யமுனா வாழ்க்கைப்பட்ட இடம் ஊருக்கு வெளியே புதிதாகப் போட்ட ஒரு லேஅவுட். கீழே குடோன், மேலே வீடு. குடோன் நிறைய சிப்ஸ், பிஸ்கட், நூடுல்ஸ், கலர்த்தண்ணி என்று பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். இந்த ஏஜென்சியின் சக்கரவர்த்தினி யமுனாவின் மாமியார், சம்பந்தியம்மா பூவாத்தாள்.

“வாங்க சம்பந்தி” என்றாள். கீரைக்கட்டை வாங்கினாள். இப்படிப் புரட்டி அப்படிப் புரட்டிப் பார்த்தாள். நேராகப் பின்பக்கச் சுவருக்குப் போய், பக்கத்து வீட்டு ஆட்டுக்கு வீசினாள்.

ஆடு என்னைப் பார்த்துக்கொண்டே தின்றது.

திரும்பி வந்து எனக்கு ஒரு தட்டில் கிரீம் பிஸ்கட்டும், காவி நிறத்தில் ஏதோ மொறுமொறு சாமானும் வைத்தாள். யமுனாவின் மதியச் சாப்பாடு ஒரு கப் நூடுல்ஸ். பிள்ளையின் முகம் வெளுப்புப் போட்ட பனியன் துணி மாதிரி இருந்தது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். உள்ளேயும் அதே வெளுப்பு.

“இதுவாங்க சாப்பாடு?” என்றேன்.

“வாய்க்கு எது ஒத்துக்குதோ அதானுங்க சாப்பாடு” என்றாள் பூவாத்தாள்.

பூவாத்தாளே! உன் அடுப்பில் மூவுலகத்துக் காய்கறிகளையும் வேகவைத்து, அதை உன் கையாலேயே என் மருமகளுக்குப் பரிமாற வைக்காமல் நான் மீசையை மழிக்க மாட்டேன். எனக்கு மீசை இல்லை. நாளையிலிருந்து வளர்க்கிறேன்.

செப்டம்பர் 6, சனி

மீசை வளரத் தொடங்கியது.

செப்டம்பர் 7, ஞாயிறு

படைக்கலத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். துப்பாக்கி, பீரங்கி எதுவும் இல்லை. சம்பந்தி மரியாதை.

எங்கள் பக்கத்தில் சம்பந்தி வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டால் இலை போட வேண்டும். இலை போட்டால் பொரியல் வேண்டும், கூட்டு வேண்டும், குழம்பு வேண்டும். போடாவிட்டால் அந்த வீட்டு மானம் சந்திக்கு வந்துவிடும். வந்த சம்பந்தியை ‘எப்பப் போறீங்க’ என்று கேட்கவும் கூடாது. அதிலும் மாசமாக இருக்கும் பெண்ணுக்குத் தாய்மாமன் என்றால், அவனுக்குச் சமமாக அந்தப் பெண்ணையும் உட்காரவைத்துப் பரிமாற வேண்டும்.

விளங்குகிறதா? நான் அங்கே போய் உட்கார்ந்தால் போதும். என் வாய் வழியாக அவள் குடோனைக் காலி செய்வேன். இது விருந்து இல்லை, முற்றுகை.

பெருந்துறை சந்தையில் வாழையிலை ஒரு பெருங்கட்டு வாங்கினேன். இலை இல்லை என்ற சாக்குக்கு இடம் கொடுக்கக் கூடாது.

செப்டம்பர் 8, திங்கள்

தகரப்பெட்டி, இலைக்கட்டு சகிதம் இறங்கினேன். பூவாத்தாள் பெட்டியைப் பார்த்தாள். இலைக்கட்டைப் பார்த்தாள்.

“வாங்க சம்பந்தி. ஏனுங், எங்கியாச்சும் போற வழிங்களா?”

“இல்லீங். இங்கதானுங்.”

“ஒருக்கா இருந்துட்டுப் போங்க.”

“இருக்கறனுங். போறதப் பத்தி அப்பறம் பேசலாமுங்.”

அவள் முகத்தில் ஏழு நிறம் மாறியதை நான் எண்ணினேன். எட்டாவதும் வந்தது. அதற்குப் பெயர் கிடையாது.

யமுனாவின் புருஷன் நவநீதன் ஏஜென்சி வேனில் சரக்குப் போட்டுவிட்டு வந்து, “வாங் மாமா” என்று சொல்லி, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் சரக்குப் போடப் போய்விட்டான். நல்ல பையன். காற்றடிக்கும் பக்கம் சாயும் சோளத்தட்டு.

செப்டம்பர் 9, செவ்வாய்

எதிரி லேசுப்பட்டவள் இல்லை. இலை போட்டாள், சாஸ்திரப்படி நுனி இடப்பக்கம். நடுவில் சோற்றுக்குப் பதில் நூடுல்ஸ். பொரியல் இடத்தில் சிப்ஸ். கூட்டு இடத்தில் ஊறவைத்த ஏதோ பஞ்சு உருண்டை. குழம்புக்குத் தக்காளி சாஸ். கடைசியில் டம்ளரில் மாம்பழ நிறத் தண்ணி.

“பாயசமுங்க” என்றாள்.

இப்படி ஒரு அடியை நான் மகாபாரதத்திலும் கேள்விப்பட்டதில்லை.

இலையின் கீழ் விளிம்பில் இரண்டு கையையும் வைத்தேன். மெதுவாக, மிக மெதுவாக, வெளிப்பக்கமாக மடிக்க ஆரம்பித்தேன்.

சாவு வீட்டில்தான் இலையை வெளிப்பக்கம் மடிப்பார்கள். விருந்தில் அப்படி மடித்தால், இந்த வீட்டு உறவே இனி வேண்டாம் என்று அர்த்தம். குடோனில் பெட்டிகள்கூட மூச்சை நிறுத்தின.

“சம்பந்தி!” பூவாத்தாள் ஓடிவந்து இலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். “புள்ளத்தாச்சி இருக்கற ஊட்லீங்! சித்த இருங்க. பொழுதோட பொரியல் பண்ணிப்போடறன்.”

“என்ன பொரியலுங்?”

“என்ன காய் கெடைக்குதோ அது.”

“ரெண்டு பொரியலுங்.”

“…சரீங்.”

முதல் கோட்டை விழுந்தது. ஆனால் யமுனா என்னை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், “மாமா, நீங்க என்ன பண்ணிட்டிருக்கீங்க? அசிங்கமா இருக்குது மாமா. ஊருக்குப் போயிருங்க” என்றாள். போர்க்களத்தில் காப்பாற்றப்படுகிறவர்கள் எப்போதும் இப்படித்தான் பேசுவார்கள். அவள் மூன்று படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி நின்றாள். அதை நான் கவனிக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 10, புதன்

அவரைக்காய்ப் பொரியல். பூசணிக்கூட்டு. யமுனா இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள்.

செப்டம்பர் 13, சனி

இந்த லேஅவுட்டின் பூகோளம் எழுதி வைக்க வேண்டும், பிற்கால ராணுவங்களுக்கு உதவும். காய்கறிக் கடை கிடையாது. செவ்வாய்க்கிழமை ஒரு தள்ளுவண்டி வரும். அதில் இருக்கும் கத்தரிக்காய்க்கு என் வயது. மற்ற நாளில் காய் வேண்டுமென்றால் நவநீதன் பைக்கில் திருப்பூர் போய்த் திரும்ப வேண்டும், பெட்ரோல் விலை காயின் தலையில். போர்வெல் தண்ணீர் உப்பு. எல்லோரும் வாசலில் முருங்கைக் குச்சி நட்டிருக்கிறார்கள். எல்லாம் கருகிக் குச்சியாகவே நிற்கின்றன, செத்துப்போன படைவீரர்கள் மாதிரி. ஆனால் எந்தத் திசையில் நடந்தாலும் நூறு அடிக்குள் சிப்ஸ் பாக்கெட் சரஞ்சரமாகத் தொங்கும்.

இன்று பீன்ஸ் கேட்டேன். பூவாத்தாள் கரண்டியோடு வந்து நின்றாள்.

“சம்பந்தி, நானும் ஒண்ணு கேக்கறன். பத்து ரூவாய்க்கு என்ன காய் வருமுங்க?”

“பத்து ரூவாய்க்கா… கொத்தமல்லி.”

“அத வெச்சு நாலு பேரு தின்ன முடியுமுங்களா? பத்து ரூவாய்க்கு ஒரு பாக்கெட் வருது. தின்னுட்டுத் தண்ணி குடிச்சா வயிறு கம்முனு இருக்கும். அழுவாது, வேவவெக்க வேண்டாம், கேஸ் தீராது. இந்த லேஅவுட்ல பாதிப் பேரு கம்பெனி வேலைக்குப் போயிட்டு ஏழு மணிக்கு வாராங்க. வந்து கீரை ஆஞ்சிட்டா உக்காந்திருப்பாங்க?”

எதிரியின் பிரசங்கத்தைக் கேட்பது போர் தர்மம். பதில் சொல்ல வேண்டும் என்பது தர்மத்தில் இல்லை.

“அன்னைக்கு நான் கொண்டாந்த கீரை சும்மா வந்ததுதானுங்களே. அத ஏன் ஆட்டுக்குப் போட்டீங்?”

“அதுல கம்பளிப்பூச்சி இருந்துச்சுங்க. கட்டு முச்சூடும். புள்ளத்தாச்சி ஊட்டுக்குள்ள அத எப்படிக் கொண்டுபோறது?”

வரலாற்றுக்குத் தேவையில்லாத விவரம். எழுதியதை அடிக்க ரப்பர் கிடைக்கவில்லை.

செப்டம்பர் 19, வெள்ளி

புரட்டாசி பிறந்துவிட்டது. முட்டையும் கிடையாது. என் கோரிக்கைப் பட்டியலில் காயும் பருப்பும் மட்டுமே. வாழைப்பூ, கொள்ளுப்பருப்பு, பீட்ரூட். எதிரி திணறுகிறாள்.

நர்சு கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை யமுனா இதுவரை வாந்தியெடுத்துக்கொண்டிருந்தாளாம். இப்போது சோறு தின்றபிறகு போட்டால் வயிற்றில் நிற்கிறது என்கிறாள். மாத்திரை தனக்குத்தான் பெருமை என்று நினைத்துக்கொள்ளும். நினைத்துக்கொள்ளட்டும்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. பூவாத்தாள் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. அசுரர்கள் சாப்பிட மாட்டார்கள் என்று முடிவு செய்தேன்.

செப்டம்பர் 24, புதன்

தண்ணீர் குடிக்க அடுக்களைக்குள் போனேன். பூவாத்தாள் நின்றபடியே உடைந்த பிஸ்கட்டுத் துண்டுகளைப் பால் இல்லாத வரட்டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். வாணலியில் எங்களுக்குப் பரிமாறி மீந்த புடலங்காய், மூடி போட்டு, சாயங்காலம் யமுனாவுக்கென்று ஒதுக்கி இருந்தது.

என்னைப் பார்த்ததும் டம்ளரைப் பின்னால் மறைத்தாள்.

“பல்லு நோவுங்க சம்பந்தி. காய் மெல்ல முடியறதில்ல.”

புடலங்காயை மெல்ல முடியாத பல் பிஸ்கட்டை எப்படி மெல்லும் என்று மருத்துவ உலகம் ஆராய வேண்டும்.

செப்டம்பர் 25, வியாழன்

நவநீதனோடு வேனில் போனேன். உளவு பார்க்க.

“மாப்ள, ஏஜென்சி நல்லாத்தானே ஓடுது? குடோன் ரெம்பிக் கெடக்குதே?”

வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னான். “ரெம்பிக் கெடக்கறதுதான் மாமா வம்பு. கமிசன கம்பெனிக்காரன் காசாத் தர்றதில்ல. பெட்டியாத் தர்றான். விக்காத பெட்டிய திருப்பி எடுக்கறதும் இல்ல. தேதி முடியறதுக்குள்ள நாமதான் ஏதாச்சும் பண்ணிக்கோணும்.”

“அப்ப ஊட்டுச் செலவுக்கு? சாப்பாட்டுக்கு?”

“அதான் மாமா சாப்பாடு.”

அதற்குப்பிறகு காங்கயம் ரோட்டில் நிறைய வேகத்தடைகள் வந்தன. நான் ஒவ்வொன்றையும் கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இதைக் கேட்டு என் பகை ஒரு இம்மிகூடக் குறையவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இனிமேல் விடியற்காலை பஸ்ஸுக்குப் போய் உழவர் சந்தையில் நானே காய் வாங்கி வருவது என்று தீர்மானித்தேன். இது உதவி இல்லை. எதிரியின் விநியோகப் பாதையைக் கைப்பற்றுவது. காசு என்னுடையது என்றால் அதன் பெயர் போர்ச் செலவு.

சந்தையில் ஒரு மாதுளம்பழத்தின் விலையைக் கேட்டேன். அந்தப் பழத்துக்குக் காவலாக இரண்டு ஆள், ஒரு நாய் போட்டிருக்கலாம். வாங்கினேன். பஸ்ஸில் ஜன்னலோர இடத்தைப் பழத்துக்குக் கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டு வந்தேன்.

இலை அறுக்கும்போது தவறுதலாக மூன்றுக்குப் பதில் நாலு அறுத்துவிட்டேன். நாலாவதைப் பூவாத்தாள் மடித்து எடுத்து வைத்துவிட்டாள்.

அக்டோபர் 6, திங்கள்

இன்று உண்மையான அசுரனைக் கண்டேன். பூவாத்தாளை அசுரப் பட்டியலிலிருந்து தற்காலிகமாக நீக்குகிறேன்.

வெள்ளைக் கார். வெள்ளைச் சட்டை. கையில் இரண்டு போன். கம்பெனியின் ஏரியா ஆபீசராம், பெயர் நிகேதன். கம்பெனியின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் என்னைத் தூக்கில் போட ஐநா சபை கூடும்.

“மேடம், தீபாவளி டார்கெட். இந்தத் தடவ உங்களுக்கு டபுள் போட்டிருக்கேன்.”

“சார், போன தடவ வந்ததே கெடக்குதுங்க. அத எடுத்துக்கிட்டுக் காசு குடுத்தீங்கன்னா…”

“ரிட்டர்ன் பாலிசி இல்ல மேடம். டார்கெட் எடுக்கலன்னா ஏஜென்சிய வேற ஆளுக்கு மாத்தச் சொல்றாங்க. நான்தான் உங்களுக்காகப் பேசி வெச்சிருக்கேன்.”

பூவாத்தாள் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போட்டாள். என் இலையைப் பிடித்து இழுத்த அந்தக் கையா இது? எனக்கு ரத்தம் கொதித்து, தலையிலிருந்து ஆவி கிளம்பி, லேஅவுட்டில் லேசாகத் தூறல் போட்டது.

என் எதிரியை அவமானப்படுத்தும் உரிமை எனக்கு மட்டுமே உண்டு. இன்னொருவன் எப்படிக் கைவைக்கலாம்?

அக்டோபர் 9, வியாழன்

நர்சு வந்தாள். எட்டு புள்ளி மூன்று. ஏறுகிறது, ஆனால் போதாது என்றாள். இரும்புச்சத்து ஊசியும் ஆரம்பித்திருக்கிறார்கள். “சாப்பாட்ட விட்றாதீங்க” என்று பூவாத்தாளைப் பார்த்துச் சொன்னாள். பூவாத்தாள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. பாதிப் பெட்டி அப்படியே இருக்கிறது. ஹாலிலும் பெட்டி. நான் படுப்பது மிக்சர் மீது.

அக்கா போனில்: “டேய், சம்பந்தி ஊட்ல எத்தன நாள்டா இருப்ப? மானம் போவுது. யமுனாவ இங்க அனுப்பி வெக்கச் சொல்லு. தலப்பிரசவம் தாய்வீட்லதான்.”

“அங்க யாரு சமைக்கறது?”

அக்கா காலையில் எட்டுக்குப் போய் எட்டுக்கு வருகிறவள். ராத்திரிக்கு அவளே பன்னும் டீயும்தான்.

“இன்னுங் கொஞ்ச நாளு அங்கியே இருடா” என்றாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

பூவாத்தாளிடம் சமாதானக் கொடி காட்டினேன்.

“சம்பந்தி, அந்த ஆபீசர் வியாழக்கெழம வாரானுங்களே. அவனுக்கு ஒரு விருந்து வெக்கலாமுங்.”

“விருந்தா? அவனுக்கு வெக்க ஊட்ல என்ன இருக்குது?”

குடோனைக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் குடோனையே பார்த்தாள். பிறகு அவள் உதடு ஒரு பக்கமாக விலகியது. அப்படி ஒரு சிரிப்பை நான் கோயில் கோபுரத்து உச்சியில் இருக்கும் பூதத்திடம் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

“முச்சூடும் அவன் சரக்குங்களா?”

“உப்புலருந்து பாயசம் வரைக்குமுங்.”

“தேதி முடியாததாப் பாத்துத்தான் போடோணும் சம்பந்தி. வஞ்சம் வேற, பாவம் வேற.”

அந்த நிமிஷத்தில் எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை வந்தது. அரைக்கால் அளவு. வட்டியோடு திரும்ப எடுத்துக்கொள்வேன்.

அக்டோபர் 30, வியாழன்

இந்த நாளைக் கல்லில் வெட்ட வேண்டும். கல் கிடைக்காததால் இங்கே எழுதுகிறேன்.

ஆபீசர் வந்ததும் பூவாத்தாள் வாசலுக்கே போய்க் கூப்பிட்டாள். “வாங்க சார். எங்க ஊட்ல ஒரு வாய் சாப்புடோணும்.” அவன் மறுக்கப் பார்த்தான். நான் அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன். நானூறு பேரை ஏற்றிய கைக்கு ஒருவனை உட்காரவைப்பது எம்மாத்திரம்?

இலை விழுந்தது. சிப்ஸில் ஏழு வகை, ஏழு பொரியல். சீஸ் உருண்டைக் கூட்டு. நூடுல்ஸ் மலை, அதன் உச்சியில் சாஸ் எரிமலை. மசாலாக் குச்சி வறுவல். கிரீம் பிஸ்கட்டைப் பாலில் கரைத்த பாயசம். கலர்த்தண்ணி ரசம், அதில் கடுகு தாளித்து.

“மேடம்… என்ன இது?”

“நம்மட சரக்குதானுங்க சார். நீங்கதான சொல்லுவீங்க, எல்லாச் சத்தும் இருக்குதுன்னு.”

அவன் ஒரு சிப்ஸைக் கடித்தான். பூவாத்தாள் இரண்டு கரண்டி போட்டாள். அவன் கையை இலைமேல் குறுக்கே நீட்டினான். விரல் சந்து வழியாகப் போட்டாள். “கூச்சப்படாதீங்க சார்.” “இன்னுங் கொஞ்சம் சார்.” “இது மட்டும் சார், உங்க டார்கெட்டுங்க.” உபசாரத்தில் இவ்வளவு விஷம் இருக்கிறது என்பதை நான் அன்றுதான் கண்டேன். உள்ளறையில் யமுனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சத்தம் கேட்டது.

ஆபீசருக்கு வியர்த்தது. வியர்வையில் ஹால் நனைந்து, கீழ்வரிசைப் பெட்டிகள் மிதந்தன.

“மேடம், ப்ளீஸ். எனக்கு அல்சர். டாக்டர் இதெல்லாம் தொடவே கூடாதுன்னு சொல்லியிருக்காரு. நான் வீட்லருந்துதான் சாப்பாடு கொண்டு வருவேன்.”

பூவாத்தாள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எங்கீங் இருக்குது அந்தச் சாப்பாடு?” என்றேன்.

“கார்ல.”

நவநீதன், காற்றடிக்கும் பக்கம் சாயும் அந்த நவநீதன், யாரும் சொல்லாமலே இறங்கிப் போய் டிபன் கேரியரோடு வந்தான். பூவாத்தாள் திறந்தாள். மேல் அடுக்கில் கம்பஞ்சோறு. நடுவில் பீட்ரூட் பொரியல். கீழே, நெய் மிதக்க, அரைக்கீரைக் கடைசல். அந்த வாசனை அந்த ஹாலின் மிக்சர் நெடியை நெட்டித் தள்ளிக்கொண்டு நின்றது.

ஆபீசர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பூவாத்தாள் கூப்பிட்டாள். “யமுனா, வா கண்ணு. உக்காரு.” அவள் முன்னால் ஒரு இலை போட்டாள். கீரை முழுவதையும் அதில் கவிழ்த்தாள். பிறகு ஆபீசர் பக்கம் திரும்பினாள். குரல் உயரவில்லை.

“என்ற மருமவளுக்கு ரத்தம் இல்லீங்க சார். நீங்க குடுத்த பெட்டியத்தான் தின்னுட்டிருந்தா. நானும் அதத்தான் தின்னன். வேற வழியில்லாமத் தின்னன். உங்க ஊட்ல உங்களுக்குக் கீரை கடையறாங்க. எங்களுக்கு மட்டும் பாலிசீங்களா?”

அவன் வாயைத் திறந்தான். பூவாத்தாள் அதில் சிப்ஸ் வைக்கவில்லை. வைத்திருப்பாள் என்றுதான் நான் எதிர்பார்த்தேன்.

“பழைய ரிட்டர்ன எடுத்துக்கறேன் மேடம்” என்றான். “மேல பேசிக் கமிஷனையும் இந்த மாசத்துலருந்து காசா வாங்கித் தரப் பாக்கறேன்.”

“பாக்கறேன் இல்லீங். தர்றேன்” என்றேன், இலையின் கீழ் விளிம்பில் கைவைத்தபடி. அவனுக்கு அந்த மரபு தெரியாது. ஆனாலும் பயந்தான்.

போகும்போது அவன் காரின் பின்சீட்டு, டிக்கி, மடி எல்லாவற்றிலும் பெட்டிகள். கார் தார்ரோட்டில் முழங்கால் ஆழம் புதைந்தபடி போனது. காங்கயம் வரை அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

அதன்பிறகு நான் ஒரு இலை போட்டேன். தவறுதலாக இல்லை. “உக்காருங்க சம்பந்தி” என்றேன். பீட்ரூட் பொரியலில் பாதி வைத்தேன்.

“பல்லு நோவுங்க.”

“மெதுவா மெல்லுங்க.”

உட்கார்ந்தாள்.

நவம்பர் 12, புதன்

கமிஷனில் பாதி காசாக வந்தது. மீதி பெட்டியாகத்தான் வந்தது. அசுரர்கள் ஒரே நாளில் திருந்துவதில்லை. அவனுக்கு அடுத்த விருந்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வேன் திருப்பூரிலிருந்து திரும்பும்போது காலியாகத்தானே வருகிறது? இப்போது அதில் நாலு கூடை காய் வருகிறது. குடோன் வாசலில் வைத்துப் பூவாத்தாள் விற்கிறாள். ஏழு மணிக்குக் கம்பெனி வேலை முடிந்து வருகிறவர்களுக்காக ஆய்ந்த கீரை. ஆய்வது யார்? அர்த்தநாரி மன்னன். தக்காளியில் கால்வாசி அழுகிப்போகிறது, முருங்கைக்காய் விலை கேட்டு ஜனம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறது. ஆனால் கீரை தீர்ந்துவிடுகிறது.

அவளைப் பழிவாங்க வந்தேன். அவளுக்குக் கடை வைத்துக் கொடுத்து, சம்பளமில்லாமல் வேலையும் செய்கிறேன். இந்த வஞ்சத்தை நான் எந்த ஜன்மத்தில் தீர்ப்பேன்?

நவம்பர் 27, வியாழன்

ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு எல்லோருமே போனோம். யமுனாவுக்கு ஒன்பதாம் மாதம் தொடங்குகிறது. அக்கா கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நர்சு ஊசியால் விரலில் குத்தினாள். பூவாத்தாள் யமுனாவின் இன்னொரு கையைப் பிடித்திருந்தாள். நான் தூணைப் பிடித்திருந்தேன், தூண் விழுந்துவிடக் கூடாதே என்று.

ரத்தம் ஐம்பதைத் தாண்டியது. மிஷின் வெடித்தது. நர்சு மயங்கி விழுந்தாள். கோயமுத்தூரிலிருந்து டாக்டர்கள் தனி ரயிலில் வந்து என் மீசையைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

“பெரியாஸ்பத்திரிக்குப் போவேண்டீதில்ல. பிரசவம் இங்கியே பாத்துக்கலாம்” என்றாள் நர்சு.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பூவாத்தாள் என் பக்கம் திரும்பி, “இன்னும் பதினொண்ணு ஆவல சம்பந்தி. அதுவரைக்கும் நீங்க பொட்டியத் தூக்கப்படாது, ஆமா” என்று அதட்டினாள்.

சரி. பஸ்ஸில் ஏறிய நானூறு பேர், புதைந்த கார், மிதந்த பெட்டிகள், தூறல், தனி ரயில், எல்லாவற்றிலும் பாதியைக் கழித்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியையும் நீங்கள் நம்பப்போவதில்லை, நான் வற்புறுத்தவும் இல்லை. ஆனால் நர்சு அட்டையில் எழுதிய எண் மட்டும் உண்மை. ஒன்பது புள்ளி எட்டு. அதில் ஒரு புள்ளிகூட நான் ஏற்றிச் சொல்லவில்லை.